இலை கருநீலமாகவில்லை: விஞ்ஞானச் செய்முறைக்குப் புள்ளி கொடுத்தால் சரியாகிவிடுமா?

17 ஜூலை 2025. கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பன்

மகன் தரம் 9. தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 83. போன கிழமை வீட்டில் பியூஸ் போனது. "மின்சுற்று படிச்சாய்தானே, என்ன செய்யலாம் சொல்லு" என்றேன். "அது பாஸ்ட் பேப்பரில் வரேல்லை அப்பா" என்றான். பழைய வினாத்தாளைச் சொல்கிறான். 2026இல் தரம் 1க்கும் தரம் 6க்கும் புதுப் பாடத்திட்டம், பாடத்தைச் சிறு அலகுகளாக்கும் மொடியூல் முறை என்று அறிவித்திருக்கிறார்கள். மொடியூல் இருக்கட்டும். ஓ.எல். (தரம் 11 முடிவில் வரும் பொதுப் பரீட்சை) விஞ்ஞானத்தில் 30 புள்ளியைச் செய்முறைக்கு ஒதுக்கினால் எல்லாப் பாடசாலையும் தானாகத் திருந்தும். இதைச் செய்ய ஏன் தயங்குகிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

18 ஜூலை

நான் சொல்கிறேன். 11 வருடம் தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியை. இப்போது 9 வருடமாக வெள்ளவத்தையில் மாடியொன்றில் ரியூசன். அதாவது உங்கள் மகன் சொன்ன அந்தப் பாஸ்ட் பேப்பர் வியாபாரத்தில்தான் என் சோறு. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

30 புள்ளி ஒதுக்கினால் திருந்தாது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஒன்று 1997 சீர்திருத்தத்தோடு வந்தது. நல்ல யோசனை. பிள்ளை செய்வதை ஆசிரியர் வருடம் முழுக்கப் பார்த்து, குறித்து, புள்ளி போட வேண்டும். நடந்தது என்ன? வருடக் கடைசியில் ஒரு பின்னேரம், ஸ்டாப் ரூமில் மின்விசிறிக்குக் கீழே இருந்து, 38 பிள்ளைகளுக்கு நான் புள்ளி நிரப்பினேன். நல்ல பிள்ளைக்கு 9, குழப்படிக்கு 7, பெயரே ஞாபகம் வராத பிள்ளைக்கு 8. பக்கத்து மேசையில் கணித சேரும் அதையே செய்துகொண்டிருந்தார். "மிஸ், எல்லாருக்கும் 8 போட்டால் கேள்வி வரும், கொஞ்சம் கலந்து போடுங்கோ" என்றார். கலந்து போட்டேன்.

அந்தப் புள்ளி ஓ.எல். பெறுபேற்றில் கூட்டப்படவுமில்லை. கூட்டப்படாத புள்ளிக்கே இந்தக் கூத்து. 30ஐக் கூட்டினால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். நானே நிற்பேன், என் மகளுக்காக.

சரி, அரசாங்கமே வெளியாளை அனுப்பிச் செய்முறைப் பரீட்சை வைக்கலாமே என்பீர்கள். என் நாத்தனார் திருச்சியில். தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25. "25க்கு 25 வராட்டித்தான் வீட்டில் விசாரணை" என்கிறார்.

18 ஜூலை, இரவு

விட்டுப்போனது: 2007இல் தரம் 6க்கும் தரம் 10க்கும் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்தபோது கூடவே வந்தது ஐந்து படியில் படிப்பிக்கும் 5ஈ முறை. ஈடுபடல், தேடல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல். அமெரிக்காவில் 1980களில் உருவானது. ஆங்கிலத்தில் ஐந்தும் ஈ எழுத்தில் தொடங்கும், தமிழில் ஒன்றுதான் தொடங்குகிறது. பயிற்சி வகுப்பில் மூத்த ஆசிரியர் ஒருவர், "ஐந்து ஈயும் மொய்க்குது, பலகாரத்தைத்தான் காணேல்லை" என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் எடுத்தது. 40 நிமிடப் பாடவேளை, 38 பிள்ளைகள், ஒரே ஒரு பன்சன் சுடரடுப்பு. பலகாரம் எங்கிருந்து வரும்?

20 ஜூலை

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் இரவு நித்திரை வராது.

அந்தத் தகப்பனின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. தரம் 10 சனிக்கிழமைக் காலை வகுப்பு, 14 பிள்ளைகள். பாஸ்ட் பேப்பரை மூடிவிட்டு மாப்பொருள் சோதனை செய்வோம் என்றேன். இலையில் மாப்பொருள் இருந்தால் அயடீன் பட்டதும் கருநீலமாகும். சமையலறை காஸ் அடுப்பு, பழைய பால்மா டின், பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட், அயடீன். பல்கனியில் இரண்டு செவ்வரத்தைச் சட்டி இருக்கிறது, அதில் ஒரு இலை. பாடசாலையில் இருபது தடவையாவது செய்திருப்பேன், ஒருதரமும் பிசகியதில்லை.

இலையைக் கொதிநீரில் போட்டோம். துவண்டது. அடுப்பை நிறுத்தி, சுடுநீருக்குள் குழாயை இறக்கி, அதற்குள் ஸ்பிரிட்டும் இலையும். (ஸ்பிரிட்டை நேரடியாக நெருப்பில் வைக்கவே கூடாது. வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.) ஸ்பிரிட் மெல்ல மெல்லப் பச்சையானது, இலை வெளிறிப் பழைய கடதாசி மாதிரி ஆனது. பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் வெந்நீரில் தோய்த்து, பீங்கானில் விரித்து, அயடீன் விட்டேன்.

மண்ணிறம். அயடீனின் சொந்த நிறம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அப்படியே கிடந்தது.

நான் என்ன சொல்வது என்று யோசிக்க முதலே முன்வரிசைப் பிள்ளை ஒன்று பேனையைத் திறந்தபடி கேட்டாள்: "மிஸ், எழுதுறது கருநீலம் எண்டுதானே?"

மற்ற 13 பேரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். கண்ணுக்கு முன்னால் மண்ணிறம், கொப்பியில் கருநீலம். ஒருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திட்ட வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. இப்படி எழுதப் பழக்கியதே நான்தான்.

"ஒருத்தரும் எழுதாதையுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

21 ஜூலை

அயடீன் காலாவதியாகியிருக்கும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படியில்லை. மிச்ச அயடீனை உருளைக்கிழங்குத் துண்டில் விட்டுப் பார்த்தேன், உடனே கறுத்தது. உருளைக்கிழங்கைப் பிறகு கறிக்குப் போட்டீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை அண்ணா.

இலையிலேயே மாப்பொருள் இல்லை. ஏன் என்று 14 பேரும் ஒரு காரணம் கண்டுபிடித்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. ஒன்று பிளாட் கட்சி: ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி என் பல்கனி வெயிலை மறைத்துவிட்டது, அதனால் ஒளித்தொகுப்பு (வெயிலைக் கொண்டு இலை உணவு செய்வது) நடக்கவில்லை. வெள்ளவத்தைக்காரருக்கு இந்தக் காரணம் உடனே பிடிக்கும். எனக்கும் பிடித்தது. மற்றது ஒரே ஒரு பொடியனின் கட்சி: "மிஸ், நீங்கள் விடிய எட்டு மணிக்குப் பிடுங்கினீங்கள்." அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

24 ஜூலை

ஆய்வுகூடம் இருக்கிற பாடசாலையில் ஏன் செய்வதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சோம்பல் என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் உண்மைதான். மிச்சத்தையும் கேளுங்கள்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் (பெயர் வேண்டாம்) ஆய்வுகூடத் திறப்பு பிரதி அதிபரின் லாச்சியில். கண்ணாடி அலுமாரிக்குள் 4 அளவி (பியூரெட்), 6 குழாயி (பிப்பெட்), ஒரு தராசு. எல்லாம் பொருட்பதிவேட்டில் ஏறியவை. வருடாவருடம் கணக்கெடுக்கக் குழு வரும். ஒரு அளவி உடைந்திருந்தால் எப்போது, யாரால், எப்படி என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். உடையாத அளவிக்கு ஒரு கேள்வியும் இல்லை. அளவியைத் தொடாத ஆசிரியரே அந்தக் கணக்கில் நல்ல ஆசிரியர். இரண்டு வருடம் நானும் நல்ல ஆசிரியையாக இருந்தேன்.

பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல்.லிலும் இந்தக் கதைதான். பௌதிகவியலில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செய்முறையைச் சுற்றித்தான் வரும். வேணியர் இடுக்கிமானி, நுண்மானித் திருகுக் கணிச்சி, கோளமானி என்று அளக்கிற கருவிகள். ஆனால் செய்முறைப் பரீட்சை கிடையாது. அதனால் செய்முறையையும் நோட்ஸாகவே மனப்பாடம் செய்கிறார்கள். பூச்சிய வழுத் திருத்தத்தை நித்திரையில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு பிள்ளையிடம் இடுக்கிமானியைக் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தது. பிறகு அந்தப் பிள்ளைக்குப் பௌதிகத்தில் ஏ வந்தது. சந்தோசப்பட்டேன். இரண்டும் உண்மைதான்.

அதே ஒழுங்கையில் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிற பிள்ளை கேம்பிரிட்ஜ் ஏ லெவல் மூன்றாம் தாளுக்கு ஆய்வுகூடத்தில் 2 மணி நேரம் நின்று, தெரியாத உப்பைச் சோதித்து, என்ன கண்டதோ அதை எழுதுகிறது. காசு கட்டினால் கையால் தொடலாம், இலவசக் கல்வியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இதைப் பற்றி மொடியூல்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

27 ஜூலை

நேற்று, இரண்டாம் தடவை. ஒரு சட்டியைத் திங்கட்கிழமையே மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டோம். அங்கே அடுக்குமாடி நிழல் விழாது. காலை 8 மணிக்கு வகுப்பு, இலை பறித்தோம், அதே அடுப்பு, அதே டின்.

திரும்பவும் மண்ணிறம். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு என்று பிளாட் கட்சித் தலைவி சாதித்தாள். கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.

விடியக்காலைக் கட்சிப் பொடியன் ஒன்றும் பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது சுட்டது. பகலில் சேர்ந்த மாப்பொருளை இலை இரவு முழுக்க வெல்லமாக்கி அனுப்பிவிடும் என்று எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன்! காலை 8 மணி இலை, முதல் நாள் உழைப்பைச் செலவழித்து முடித்த இலை. பாடசாலையில் எப்படி ஒவ்வொரு தடவையும் சரிவந்தது? இரவு படுக்கும்போதுதான் விளங்கியது. அங்கே என் விஞ்ஞானப் பாடவேளை எப்போதும் இடைவேளைக்குப் பிறகு. இலை பறிக்கும்போது 11 மணி. நேரசூசி எழுதியவர் புண்ணியத்தில் 11 வருடம் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறேன்.

ஆனாலும் இது இன்னும் ஊகம்தான். அடுத்த கிழமை வகுப்பைப் பின்னேரம் மூன்றரைக்கு மாற்றியிருக்கிறேன். அன்றைக்கு மழை பெய்தால் எல்லாம் கெட்டது.

29 ஜூலை

வேறு கதை. யூடியூப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளின் தமிழ் கலந்துபோகிறது. இந்திய வீடியோவில் ஒளிச்சேர்க்கை, எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. அங்கே செல், திசு, தனிமம், முடுக்கம். இங்கே கலம், இழையம், மூலகம், ஆர்முடுகல். அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். ஒரு பிள்ளை கொப்பியில் "இழையம் என்பது திசுக்களின் கூட்டம்" என்று எழுதியிருந்தது. அதற்குச் சிவப்புப் பேனையால் என்ன எழுதுவது?

எங்கள் சொற்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், தமிழில் நூல் போட்டார். ஆர்முடுகல், அமர்முடுகல் என்று சொல்லிப் பாருங்கள், வாகனம் உதறிக்கொண்டு கிளம்புவதும் அடங்குவதும் சொல்லிலேயே இருக்கிறது.

ஆனால் நாகம் பெரிய உபத்திரவம். சிங்க் உலோகத்துக்கு எங்கள் புத்தகச் சொல் நாகம். "நாகத்துண்டை அமிலத்தில் இடுக" என்று தரம் 9இல் வாசித்ததும் ஒரு சின்னவன், "செத்த பாம்பா மிஸ், உயிரோடயா?" என்று கேட்டான். நாகத்தைக் கண்ணால் கண்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா? சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு உலோகத்தைக் கையில் வைத்தால் முடிந்தது, பிறகு அதை என்ன பெயரால் கூப்பிட்டாலும் சரி. இவ்வளவு காலமும் மொழிப் பிரச்சினை என்று நான் கத்தியதில் பாதி, பொருளைக் காட்டாத பிரச்சினை.

29 ஜூலை, பின்னேரம்

அம்மா இதை வாசித்துவிட்டு, "எங்கட கதையையும் எழுது" என்கிறார். 1972 சீர்திருத்தத்தில் ஓ.எல்.லையே எடுத்துவிட்டு தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று பிரித்துப் படித்ததெல்லாம் ஒரே விஞ்ஞானமானது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு திரும்ப ஓ.எல். அம்மா நடுவில் அகப்பட்ட ஆள். "நான் ஓ.எல். எடுக்காமல் ஏ.எல். எடுத்தனான்" என்று இன்றைக்கும் பெருமை. சான்றிதழைப் பார்க்கிற ஒவ்வொரு கிளாக்குக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லியே ஓய்வு வயது வந்துவிட்டதாம்.

3 ஓகஸ்ட்

வந்தது!

நேற்று மதியம் வரைக்கும் வெயில், மூன்று மணிக்குத்தான் முகில் கட்டியது. மொட்டைமாடிச் சட்டியில் ஒரு இலை, பல்கனிச் சட்டியில் ஒரு இலை. மொட்டைமாடியில் இன்னொரு இலைக்கு நடுவில் கறுப்புக் கடதாசியை வெள்ளிக்கிழமையே கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். அது என் யோசனை இல்லை, அவர்களே செய்தது.

மொட்டைமாடி இலையில் அயடீன் பட்டதும் கரையிலிருந்து நடுவுக்குக் கறுத்துக்கொண்டு போனது. கறுப்பென்றால் அசல் கருநீலம், கத்தரிக்காய்த் தோல் மாதிரி. கடதாசி போட்ட இலையில் நடுவில் ஒரு மண்ணிறப் பட்டி, இரண்டு பக்கமும் கருநீலம். பல்கனி இலை திட்டுத் திட்டாக, அரைகுறையாக. ஆக விடியக்காலைக் கட்சி வென்றது, ஆனால் பிளாட் கட்சியும் முழுக்கத் தோற்கவில்லை. தலைவி அந்தத் திட்டுகளை மூன்று கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

20ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். "இருபது தடவையாவது செய்திருப்பேன், ஒருதரமும் பிசகியதில்லை" என்றேன். பிசகியிருக்கலாம். பிசகியபோது பிள்ளைகள் கருநீலம் என்று எழுதியிருப்பார்கள், நான் சரி போட்டிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. என் போட்டோகொப்பி நோட்ஸில் "இலையைப் பறிக்கவும்" என்றுதான் இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று இல்லை. 9 வருடமாக அந்த நோட்ஸை விற்றிருக்கிறேன்.

5 ஓகஸ்ட்

கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு. முதல் நாள் உங்களுக்கு வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய ஏ லெவல் விஞ்ஞானப் பாடங்களில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை குறைந்தது 12 செய்முறை செய்ய வேண்டும். அது தரத்தோடு கூட்டப்படாது, செய்து தேறியதாகச் சான்றிதழில் தனியாக வரும். எழுத்துத் தாளிலோ 15 வீதமாவது செய்முறை பற்றிய கேள்வி இருக்க வேண்டும். புள்ளி கூடாதென்றால் கள்ளக்கணக்கு எழுதும் ஆசையும் குறையும். ஆனால் புள்ளி இல்லாததை நாங்கள் செய்வோமா? எங்கள் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் அதே கதிதானே நடந்தது என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அங்கே வெளியிலிருந்து பார்க்க ஆள் வருகிறார், இங்கே கோப்பைப் பார்க்க மட்டும்தான் வந்தார்கள்.

என்னைக் கேட்டால், ஓ.எல். இரண்டாம் தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றட்டும். "மாணவர் ஒருவர் காலை 8 மணிக்கு இலை பறித்தார். அயடீன் மண்ணிறமாகவே இருந்தது. ஏன்? உமது விளக்கம் சரியா என்று எப்படிப் பார்ப்பீர்?" பிசகிய பரிசோதனையைக் கேள்வியாகக் கேட்டால் ரியூசனில் நாங்கள் பிசகச் செய்துதான் காட்ட வேண்டும். அளவி தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. ஆம், இரண்டே வருடத்தில் "பிசகும் பரிசோதனைகள் 50" என்று யாராவது நோட்ஸ் போடுவார்கள். அனேகமாக நானே போடுவேன்.

தேடிக் கண்டுபிடித்துப் படித்தல் என்று பிள்ளையைத் தனியே விட்டாலும் பயனில்லை. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் மூவரும் அடித்துச் சொன்ன விடயம் அது: தொடக்கநிலைப் பிள்ளைக்கு வழிகாட்டல் வேண்டும். இரவில் மாப்பொருள் வெல்லமாகும் என்று நான் முன்பே சொல்லிக் கொடுத்திராவிட்டால் அந்தப் பொடியனுக்கு விடியக்காலை என்ற யோசனையே வந்திருக்காது. ஆகவே நோட்ஸையும் முழுக்கத் திட்டாதீர்கள்.

6 ஓகஸ்ட்

ஒரு தாய் போன் எடுத்தார். "மூன்று சனிக்கிழமை ஒரு இலையோடு போயிட்டுது மிஸ். மற்ற வகுப்பில அமிலம், மூலம் எல்லாம் முடிச்சிட்டினம்." பிழை சொல்ல முடியாது, மாதக் காசு கட்டுகிறார். ஒரு மேலதிக வகுப்பு காசில்லாமல் வைப்பதாகச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி பிளாட் கட்சித் தலைவி. அதுதான் கவலை.

10 ஓகஸ்ட்

தலைவி திரும்பி வந்துவிட்டாள். படம் எடுத்த போனைக் காட்டித் தாயோடு சண்டை போட்டாளாம்.

அடுத்தது அமிலத்தோடு உலோகம். நாகத்துண்டு விலைக்குக் கேட்டேன், சின்னப் போத்தலுக்கு அவர்கள் சொன்ன விலையில் மீன் வாங்கலாம். மலிவு டோர்ச் பற்றரியின் வெளிக்கூடு நாகம்தான். வெட்டி எடுத்து உரஞ்சிக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். ஒன்று காணாது, 13 பேருக்கு ஆளுக்கொரு துண்டு வேண்டும்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருக்கிறவர்கள் பழைய பற்றரி இருந்தால் எறியாமல் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். அல்கலைன் என்று எழுதியிருப்பது வேண்டாம், அதன் கூடு இரும்பு, உள்ளே இருப்பது கையைப் புண்ணாக்கும். ஒழுகியதும் வேண்டாம். வீட்டில் நீங்களே வெட்ட வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா, பியூஸ் போட்டாச்சா?